பசியைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றாதீர்

நம் சமூகத்தில் உடல் பருத்தவருக்கு இரண்டு தண்டனைகள் காத்திருக்கின்றன. பருத்திருக்கும் வரை, 'நஃப்ஸை அடக்கத் தெரியாதவர்' என்ற பெயர். மருத்துவரை நாடி, வாரம் ஒருமுறை ஊசி போட்டு இளைத்துவிட்டாலோ, 'ஊசியால் இளைத்தவர்தானே, ஸப்ரால் இளைத்தவரா?' என்ற ஏளனம். வலீமா விருந்தில் ஒரே ஸஹனைச் சுற்றி அமர்ந்திருக்கும்போதே இப்பேச்சு எழுகிறது. இறைச்சித் துண்டை எடுத்து அவர் பக்கம் தள்ளிவிடும் அதே கை, மறுகணம் அவருடைய வயிற்றைச் சுட்டிக்காட்டுகிறது. சில வேளைகளில் மிம்பரிலிருந்தும் இதன் எதிரொலியைக் கேட்கிறோம். இடுப்பின் சுற்றளவை வைத்து ஈமானை அளக்கும் இந்தத் தீர்ப்புக்கு மருத்துவத்தில் ஆதாரமில்லை; மார்க்கத்தில் இடமுமில்லை.

முதலில் மருத்துவத்தைப் பார்ப்போம். பசி வயிற்றில் பிறப்பதாகவே நாம் எண்ணிப் பழகிவிட்டோம். வயிறும் குடலும் செய்தி அனுப்பும் தூதுவர்கள் மட்டுமே. தீர்ப்பு எழுதப்படுவது மூளையில். நாம் உண்ட உணவு குடலை அடைந்ததும் அங்குள்ள சில செல்கள் ஜி.எல்.பி-1 என்னும் ஹார்மோனைச் சுரக்கின்றன. அது இன்சுலினைச் சுரக்குமாறு கணையத்தைத் தூண்டுகிறது. இரைப்பை காலியாவதைத் தாமதப்படுத்துகிறது. 'போதும்' என்ற செய்தியை மூளைக்கு அனுப்புகிறது. ஆனால் அதன் ஆயுள் மிகக் குறுகியது. உடலில் உள்ள ஒரு நொதி, இரண்டே நிமிடங்களில் அதில் பாதியைச் சிதைத்துவிடுகிறது. ஓசெம்பிக், வெகோவி என்ற பெயர்களில் விற்கப்படும் செமக்ளூடைட், இந்த ஹார்மோனின் சாயலில் செய்யப்பட்ட மருந்து. நொதியின் பிடிக்கு எளிதில் அகப்படாதவாறு அதன் அமைப்பைச் சிறிது மாற்றி, கொழுப்பமிலச் சங்கிலி ஒன்றையும் இணைத்து, இரத்தத்தில் உள்ள ஆல்புமின் புரதத்தோடு ஒட்டிக்கொண்டு உலவும்படி வடிவமைத்துள்ளனர். அதில் பாதி கழிய ஏறத்தாழ ஒரு வாரம் ஆகிறது. இரண்டு நிமிடம் ஒலித்து அடங்கும் குரலை வாரம் முழுதும் ஒலிக்கச் செய்வதே இம்மருந்தின் வேலை. மௌன்ஜாரோ என்ற பெயரில் வரும் டிர்செபடைட், இதனுடன் ஜி.ஐ.பி என்னும் மற்றொரு குடல் ஹார்மோனின் பணியையும் சேர்த்துச் செய்கிறது.

இந்தக் குரல் மூளையின் எப்பகுதியை எட்டுகிறது? 1996ஆம் ஆண்டு லண்டன் ஆய்வாளர்கள், பட்டினி கிடந்த எலிகளின் மூளைக்குழிகளுக்குள் ஜி.எல்.பி-1 ஹார்மோனை நேரடியாகச் செலுத்தினர். முன்னே உணவு இருந்தும் அவை வெகுவாகக் குறைத்தே உண்டன. வயிறு நிரம்பியிருக்கவில்லை, மூளை மட்டும் நிறைவு கண்டது. இரத்தத்தில் உலவும் பொருள்கள் எளிதில் மூளைக்குள் நுழையாதவாறு ஒரு தடுப்பு உண்டு என்பதை அறிவோம். அத்தடுப்பு தளர்ந்திருக்கும் சில வாசல்களும் உள்ளன. ஒன்று மூளைத்தண்டின் கீழ்ப்பகுதியில் இருக்கிறது. குமட்டலையும் போதுமென்ற உணர்வையும் எழுப்பும் இடம் அது. மற்றொன்று ஹைபோதாலமஸின் அடித்தளத்தில் இருக்கிறது. அங்கே இரண்டு வகை நரம்பணுக்கள் அருகருகே வாழ்கின்றன. ஒரு வகை 'உண்' என்று தூண்டும். மற்றொரு வகை 'நிறுத்து' என்று தடுக்கும். மருந்து நிறுத்தச் சொல்லும் அணுக்களை ஊக்குவிக்கிறது. உண்ணச் சொல்லும் அணுக்களின் குரலைத் தாழ்த்துகிறது. நரம்பணுக்களிலிருந்து ஜி.எல்.பி-1 ஏற்பிகளை நீக்கி வளர்த்த எலிகளுக்கு, இதே குடும்பத்தைச் சேர்ந்த லிராக்ளூடைட்டைச் செலுத்திப் பார்த்தபோது அவற்றின் பசி குறையவில்லை, எடையும் குறையவில்லை. எடை இறங்குவதற்கான முதன்மைக் காரணம் வயிற்றில் அன்று, மூளையில்தான் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டுமா?

இம்மருந்தை எடுத்துக்கொள்வோர் பலரும் ஒன்றைச் சொல்கின்றனர். நாள் முழுதும் மனத்தின் பின்புறத்தில் ஓடிக்கொண்டிருந்த உணவு பற்றிய ஓயாத பேச்சு அடங்கிப்போனதாம். அடுத்த வேளைக்கு என்ன, அலமாரியில் மீதமிருப்பது என்ன, அதை யாரும் பாராமல் எடுக்கலாமா என்ற இரைச்சல் அது. அவ்விரைச்சலே இன்னதென்று அறியாதவர்கள்தாம், அதற்கு நடுவே வாழ்பவருக்கு ஸப்ரைப் போதிக்கின்றனர்!

2021இல் வெளியான செமக்ளூடைட் சோதனையைக் கவனியுங்கள். 1,961 பேர், 68 வாரங்கள். மருந்து பெற்றவருக்கும் வெற்று ஊசி பெற்றவருக்கும் ஒரே உணவு ஆலோசனை, ஒரே உடற்பயிற்சி அறிவுரை. மருந்து பெற்றவர்கள் சராசரியாக 14.9 விழுக்காடு எடை குறைந்தனர், மற்றவர்கள் 2.4 விழுக்காடு. யாருக்கு எது என்பதைக் குலுக்கல் முறையே தீர்மானித்தது. மன உறுதியுள்ளவர் யாவரும் ஒரு பக்கமும் பெருந்தீனிக்காரர் யாவரும் மறுபக்கமும் போய் நின்றார்களா? இல்லை. ஒரு சாராரின் மூளைக்குப் 'போதும்' என்ற செய்தி கேட்டது. மறுசாராருக்கு அறிவுரை மட்டுமே கேட்டது. நாம் ஆண்டாண்டுக் காலமாக வழங்கிவருவதும் அந்த அறிவுரையைத்தான்.

பெற்றோரைப் பழிக்கும் வழக்கமும் நம்மிடம் உண்டு. பருத்த குழந்தையைக் கண்டால் முதலில் தாயைத்தான் பார்க்கிறோம். இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில் 1997இல் நடந்ததை அத்தகையோர் படிக்க வேண்டும். பாகிஸ்தானிய வம்சாவளிக் குடும்பம் ஒன்றைச் சேர்ந்த இரு குழந்தைகள் மருத்துவர்களிடம் வந்தனர். சிறுமிக்கு எட்டு வயது, எடை 86 கிலோ. அவளுடைய உறவினனான இரண்டு வயதுச் சிறுவனுக்கு 29 கிலோ. தணியாத பசி. உறவுக்குள்ளேயே மணம் முடித்துவந்த குடும்பம் அது. ஆய்ந்தபோது, உடற்கொழுப்பின் இருப்பை மூளைக்கு அறிவிக்கும் லெப்டின் என்னும் ஹார்மோன் அவ்விருவர் உடலிலும் ஏறத்தாழ இல்லவே இல்லை என்பது தெரிந்தது. அந்த ஹார்மோனை உருவாக்கும் மரபணுவில் பிழை. உடலெங்கும் கொழுப்பு நிறைந்திருந்தும், 'பட்டினியால் சாகிறோம்' என்றே அவர்களின் மூளை நம்பிக்கொண்டிருந்தது. லெப்டினை நாள்தோறும் ஊசியாகச் செலுத்தியதும் அச்சிறுமியின் பசி அடங்கியது. ஓராண்டில் 16 கிலோ குறைந்தாள். அவளுடைய குணத்திலோ வளர்ப்பிலோ எந்த மாற்றமும் நிகழவில்லை.

அதே நகரில், சதஃப் ஃபாரூக்கி தலைமையிலான குழு 2009இல் வெளியிட்ட ஆய்வு இன்னும் வேதனையானது. 16ஆம் குரோமோசோமின் ஒரு சிறு பகுதி இல்லாமல் பிறந்த குழந்தைகள் சிலர் கடுமையாகப் பருத்திருந்தனர். பெற்றோர் வேண்டுமென்றே அளவுக்கு மீறி ஊட்டுகின்றனர் என்று கருதி, அவர்களில் சிலரை ஆபத்திலுள்ள குழந்தைகளின் பட்டியலில் சமூக நலத்துறை சேர்த்திருந்தது. ஆய்வின் முடிவு தெரிந்த பின்னரே அப்பெயர்கள் நீக்கப்பட்டன. இவையெல்லாம் அரிய நோய்கள், உண்மைதான். நம்மிடையே பருத்திருப்போர் அனைவருக்கும் இந்தக் குறைகள் இல்லை. ஆனால் பசியின் அளவை நிர்ணயிப்பதில் பிறப்புக்கும் மூளைக்கும் உள்ள பங்கை இவை ஐயத்துக்கு இடமின்றிக் காட்டிவிட்டன. எஞ்சியோருக்கு அந்தப் பங்கு கூடலாம், குறையலாம், இல்லாமல் போவதில்லை.

உடனே ஒரு மறுப்பு வரும்: "ரமளானில் முப்பது நாளும் ஸஹர் முதல் மஃரிப் வரை அடக்க முடிகிறதே! அடக்க முடியாதென்பது சாக்குத்தானே?" கேட்க வலுவாகத் தோன்றும் வாதம். ஆனால் நோன்பு முடியும் நேரம் நமக்குத் தெரியும். பாங்கொலி கேட்டதும் பேரீச்சம்பழம் காத்திருக்கிறது. எடை குறைத்தவரின் பசிக்கு மஃரிப் இல்லை. உடல் தன் பழைய எடையைக் காத்துக்கொள்ளப் போராடுகிறது. எடை குறைந்ததும் லெப்டின் குறைகிறது, பசியைத் தூண்டும் கிரெலின் ஏறுகிறது, உடல் எரிக்கும் ஆற்றலும் சுருங்குகிறது. பத்து வார உணவுக் கட்டுப்பாட்டால் இளைத்தவர்களை ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் ஓராண்டு கழித்துச் சோதித்தபோதும், அந்த ஹார்மோன்கள் பழைய நிலைக்குத் திரும்பியிருக்கவில்லை, பசியும் தணிந்திருக்கவில்லை. 2011இல் அது வெளியானது. செமக்ளூடைட்டை நிறுத்தியவர்களும் ஓராண்டுக்குள், குறைந்த எடையில் மூன்றில் இரண்டு பங்கை மீண்டும் பெற்றுவிட்டனர். இரத்த அழுத்த மாத்திரையை நிறுத்தினால் அழுத்தம் ஏறுவதைப் போன்றதே இது. அழுத்தம் ஏறியவரைப் பார்த்து 'ஈமான் குறைந்தவர்' என்று யாரும் சொல்வதில்லை.

அப்படியானால் மனிதனுக்குப் பொறுப்பே இல்லையா? உண்டு. எதை உண்கிறோம், எப்போது நிறுத்துகிறோம், உடல் என்னும் அமானிதத்தை எப்படிப் பேணுகிறோம் என்பதற்கெல்லாம் நாம் பதில் சொல்லியாக வேண்டும். ஆனால் இரைச்சல் குறைந்த மூளையுடன் பிறந்தவரின் அடக்கத்தையும், நாள்தோறும் அவ்விரைச்சலோடு மல்லுக்கட்டி ஒரு கவளத்தைக் குறைத்துக்கொண்டவரின் அடக்கத்தையும் ஒரே கோலால் அளப்பது நீதியா? இரண்டாமவரின் போராட்டம் நம் கண்ணுக்குத் தெரிவதில்லை. அதை அறிந்தவன் அல்லாஹ் ஒருவனே. வயிற்றை மூன்றாகப் பகுத்து உண்ண வழிகாட்டும் நபிமொழி நம் தட்டைப் பார்த்து நாம் நினைவுகூர வேண்டியது. அடுத்தவர் தட்டின்மீது எறியும் கல்லாக அதை ஆக்கிவிட்டோம். நோயுற்றால் மருத்துவம் செய்துகொள்ளச் சொன்னவர்களும் அதே நபி (ஸல்) அவர்கள்தாம். நோயாளிக்கு நோன்பிலேயே சலுகை தந்த மார்க்கம் இது. ஊசியைக் குறுக்குவழி என்று பழிப்போர், இன்சுலினையும் அவ்வாறே பழிப்பார்களா?

இதைப் படித்துவிட்டு யாரும் மருந்துக்கடைக்கு ஓட வேண்டாம். நிக்காஹ்வுக்கு இரண்டு மாதம் இருக்கையில் மணப்பெண்ணின் ஐந்து கிலோவைக் குறைக்க இந்த ஊசியைத் தேடும் குடும்பங்களை எண்ணும்போது கோபமே வருகிறது. இது நோய்க்கான மருந்து, அலங்காரப் பொருளன்று. குமட்டல், வாந்தி, மலச்சிக்கல் ஆகியவை பரவலான பக்க விளைவுகள். பித்தப்பைக் கற்கள் உண்டாகலாம். அரிதாகக் கணைய அழற்சியும் நேரலாம். கொழுப்போடு தசையும் கரைகிறது. சில வகைத் தைராய்டு புற்றுநோய் குடும்பத்தில் இருந்தால் இம்மருந்து ஆகாது. கருத்தரிக்க விரும்பும் பெண் செமக்ளூடைட்டைக் குறைந்தது இரண்டு மாதம் முன்பே நிறுத்த வேண்டும் என்பதைப் புதுமணப் பெண்ணுக்கு ஊசி தேடுவோர் அறிவார்களா? 2025 மார்ச்சில் இந்தியாவுக்கு வந்தபோது மௌன்ஜாரோவின் ஆரம்ப அளவுக் குப்பி ஒன்றின் விலை 3,500 ரூபாய். மாதத்துக்கு நான்கு குப்பிகள் வேண்டும். கடன் வாங்கித் தொடங்கி மூன்று மாதத்தில் நிறுத்துவதால் பயன் என்ன என்பதை மேலே கண்டோம். மறுபுறம், உண்மையில் தேவையுள்ளவருக்கு இது பெரும் நன்மை. உடல் பருமனோடு இதய நோயும் கொண்ட 17,604 பேரிடம் நடந்த சோதனையில், மாரடைப்பு, பக்கவாதம், இதய நோயால் இறப்பு ஆகியவை செமக்ளூடைட்டால் ஐந்தில் ஒரு பங்கு குறைந்தன. இந்தியாவில் 10 கோடிக்கும் மேற்பட்டோர் நீரிழிவுடன் வாழ்கின்றனர் என்று சென்னை ஆய்வாளர்கள் 2023இல் அறிவித்தனர். நம் வீடுகளில் அந்நோய் இல்லாத வீட்டைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

பன்றிக் கொழுப்பு, பல்லி விஷம் என்றெல்லாம் எழும் பேச்சையும் முடித்துவிடுவோம். கிலா என்னும் அமெரிக்கப் பல்லியின் நஞ்சில் இதையொத்த ஒரு பொருள் 1992இல் கண்டறியப்பட்டு, அதன் வழியில் வேறொரு மருந்து பின்னாளில் செயற்கையாகச் செய்யப்பட்டது உண்மை. ஓசெம்பிக்கில் உள்ள செமக்ளூடைட் ஈஸ்ட் நுண்ணுயிரியைக் கொண்டு தயாராகிறது. அதில் பன்றியும் இல்லை, பல்லியும் இல்லை. ஊட்டச்சத்து அல்லாத சிகிச்சை ஊசிகள் நோன்பை முறிக்கமாட்டா என்று ஜித்தாவில் உள்ள சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹ் அகாடமி 1997இலேயே தீர்மானித்துள்ளது. மாற்றுக் கருத்துள்ளோர் மஃரிபுக்குப் பின் போட்டுக்கொள்ளலாம். வாரம் ஒருமுறை வரும் ஊசிக்கு அதில் சிரமமில்லை. நீரிழிவுக்கு வேறு மாத்திரையோ இன்சுலினோ சேர்த்து எடுப்பவர்கள், ரமளான் பிறக்கும் முன்பே மருத்துவரைக் கண்டு அளவைத் திருத்திக்கொள்ள வேண்டும்.

ஏளனத்தால் விளையும் தீங்கு மனப்புண்ணோடு நின்றுவிடுவதில்லை. கேலிக்கு அஞ்சி மாமியாருக்குத் தெரியாமல் மருமகள் ஊசி போட்டுக்கொள்கிறாள். மனைவிக்குத் தெரியாமல் கணவர் போட்டுக்கொள்கிறார். குளிர்பெட்டியில் காய்கறிகளுக்கு அடியில் மருந்து ஒளிகிறது. இம்மருந்து இரைப்பை காலியாவதைத் தாமதப்படுத்துகிறது என்று முன்பே கூறினோம். அறுவை சிகிச்சைக்காக இரவு முழுதும் வெறும் வயிற்றோடு இருந்தவரின் இரைப்பையிலும் உணவு எஞ்சியிருக்கலாம்; மயக்கநிலையில் அது மேலேறி நுரையீரலுக்குள் புகுந்தால் உயிருக்கே ஆபத்து. அதனால்தான் அறுவைக்கு முன் என்னென்ன மருந்து எடுக்கிறீர்கள் என்று மயக்க மருத்துவர் கேட்கிறார். கட்டிலைச் சுற்றி மாமியாரும் மைத்துனியும் நாத்தனாரும் நிற்க, அந்தப் பெண் என்ன பதில் சொல்வாள்?