பழி தீர்க்கும் கதைகள்

கொலையும் கொள்ளையும் நிறைந்த புத்தகங்களைக் குடும்பத்தில் படிக்கலாமா என்னும் கேள்வி இன்று நேற்று உண்டானதல்ல. துப்பறியும் நாவல் என்று ஒன்று தமிழில் தலைகாட்டிய நாள் முதல் பெரியவர்கள் இதைக் கேட்டு வருகிறார்கள். சிறியவர்கள் பதில் சொல்லாமல் படித்து வருகிறார்கள். பெரியவர்களிலும் சிலர், வீட்டில் எல்லோரும் தூங்கிய பிறகு அதே புத்தகத்தைப் படித்து முடித்துவிட்டுத்தான் மறுநாள் காலையில் பிள்ளைகளைக் கண்டிக்கிறார்கள் என்பது பரம ரகசியமல்ல.

இவ்விதப் புத்தகங்களில் இரண்டு வகை உண்டு. முதல் வகையில் ஒரு பெரிய மனிதரின் வீட்டில் கொலை நடக்கும். ஷெர்லாக் ஹோம்ஸைப் போன்ற ஒரு மேதாவி வந்து, சுருட்டுச் சாம்பலையும் காலடித் தடத்தையும் பார்த்துக் குற்றவாளி இன்னான் என்று சொல்லிவிடுவார். மற்றதைப் போலீஸாரும் நீதிபதியும் பார்த்துக் கொள்வார்கள் என்ற நிம்மதியுடன் நாம் விளக்கை அணைத்துவிட்டுத் தூங்கலாம். இரண்டாவது வகையில் அந்த நிம்மதி கிடையாது. போலீஸ் அதிகாரியே கேடிகளின் கூட்டாளி; நீதிமன்றம் கைகொடுப்பதில்லை; அநியாயத்துக்கு ஆளானவன் தானே துப்பாக்கியை எடுத்துக் கொண்டு பழி தீர்க்கப் புறப்படுகிறான். இந்த இரண்டாவது வகையைப் பற்றித்தான் நாம் இங்கே பேச விரும்புகிறோம்.

இதற்கு மூல புருஷர்களில் ஒருவர் டாஷியல் ஹாமெட் என்னும் அமெரிக்கர். துப்பறிகிறவர்களைப் பற்றி எழுதுகிறவர்களில் அநேகர் துப்பறிந்ததில்லை. ஹாமெட்டோ பிங்கர்ட்டன் என்னும் பிரபல துப்பறியும் கம்பெனியில் 1915-ல் சேர்ந்து, இடையில் ராணுவ சேவைக்குப் போன காலம் நீங்கலாக, 1922 வரையில் வேலை பார்த்தவர். அந்தக் கம்பெனி திருடர்களைப் பிடித்ததோடு நிற்கவில்லை. முதலாளிமார்களுக்காகத் தொழிலாளரின் வேலைநிறுத்தங்களை உடைக்கும் கைங்கரியத்தையும் செய்து வந்தது. இவற்றையெல்லாம் உள்ளே இருந்து பார்த்தவர் எழுதிய முதல் நாவல்தான் 1929-ல் புத்தகமாக வெளிவந்த ‘ரெட் ஹார்வெஸ்ட்’, அதாவது ‘சிவப்பு அறுவடை’. அறுவடையாவது பயிரல்ல, மனிதர்கள்.

கதை நடக்கும் ஊருக்குப் பெர்ஸன்வில் என்று பெயர். ஜனங்கள் அதைத் திரித்துப் ‘பாய்ஸன்வில்’ என்கிறார்கள். நாம் ‘நஞ்சூர்’ எனலாம். ஊரில் உள்ள சுரங்கம், பாங்கு, பத்திரிகை எல்லாவற்றுக்கும் அதிபதி எலிஹு வில்ஸன் என்னும் கிழவர். தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது, அதை முறியடிக்க அவர் வெளியூரிலிருந்து ரௌடிகளை வரவழைத்தார். வேலைநிறுத்தம் முறிந்தது; வந்தவர்கள் மட்டும் திரும்பிப் போகவில்லை. கள்ளச் சாராயம் ஒருவனுக்கு, சூதாட்டம் இன்னொருவனுக்கு, திருட்டுச் சொத்து வியாபாரம் மற்றொருவனுக்கு என்று ஊரைப் பங்கு போட்டுக் கொண்டார்கள். போலீஸ் தலைவரும் அந்தப் பங்காளிகளில் ஒருவர். பேயை ஏவத் தெரிந்த கிழவருக்கு அதைத் திருப்பி அழைக்கும் மந்திரம் தெரியவில்லை!

இந்த ஊருக்கு ஒரு துப்பறிவாளன் வந்து சேருகிறான். கதையைச் சொல்லுகிறவனும் அவனே. அவன் பெயரைக் கடைசி வரையில் நாம் அறிவதில்லை. அவனை வரவழைத்தவர் கிழவரின் புதல்வர். இருவரும் சந்திப்பதற்கு முன்பே புதல்வர் சுட்டுக் கொல்லப்படுகிறார். ஊரைச் சுத்தம் செய்து தரும்படி கிழவர் பதினாயிரம் டாலருக்குச் செக்குக் கொடுக்கிறார். பிறகு மனம் மாறி, ‘வேண்டாம், போய்விடு’ என்கிறார். அதற்குள் போலீஸ் தலைவர் அவனையே கொல்லப் பார்த்துவிட்டார். அந்த நிமிஷம் முதல் அது கூலிக்குச் செய்யும் வேலையாக இல்லை, சொந்தப் பகையாகிவிடுகிறது. ஒரு கும்பலின் ரகசியத்தை மற்றொரு கும்பலுக்குச் சொல்லி எல்லோரையும் மோதவிடுகிறான். பிணங்கள் விழத் தொடங்குகின்றன. இருபதுக்கு மேலும் விழுகின்றன.

இதுவரையில் படிக்கிறவர்களுக்குக் குதூகலந்தான். கெட்டவனைக் கெட்டவன் கொன்றால் நமக்கு என்ன நஷ்டம்? ஆனால் ஹாமெட் நம்மை அந்தக் குதூகலத்திலேயே விட்டுவிடவில்லை. கதையின் நடுவில் ஓரிடத்தில் அந்தத் துப்பறிவாளன் மனம் விட்டுப் பேசுகிறான். கிழவரைத் தன் பக்கம் இழுத்துக் கொண்டு சட்டப்படியே காரியத்தை முடித்திருக்கலாம் என்றும், அவர்களைச் சாகவிடுவது அதைவிடச் சுலபமாக இருந்தது என்றும், சுலபம் மாத்திரமல்ல, திருப்தியாகவும் இருந்தது என்றும் சொல்லுகிறான். இந்த ஊரின் விஷம் தனக்கும் ஏறிவிட்டதோ என்று பயப்படுகிறான். பிறகு ஒரு நாள் மயக்கம் தெளிந்து கண் விழிக்கும்போது, பனிக்கட்டி உடைக்கும் குத்தூசி அவன் கையில் இருக்கிறது. அதன் முனை ஒரு பெண்ணின் மார்பில் பதிந்திருக்கிறது. கொன்றவன் தானா அல்லவா என்று அவனுக்கே தெரியவில்லை. உண்மை பின்னால் வெளியாகிறது. ஆனால் தன்னைத் தானே சந்தேகிக்கும் நிலைமைக்கு ஒருவன் வந்துவிட்ட பிறகு, கொன்றவன் வேறொருவன் என்று தெரிந்தால் மாத்திரம் போதுமா?

இதெல்லாம் வெறும் கற்பனை என்று தள்ளுவதற்கில்லை. மான்டானா மாகாணத்தில் பியூட் என்ற செப்புச் சுரங்க நகரம் இருக்கிறது. ஹாமெட்டின் நஞ்சூருக்கு அதுவே மாதிரி என்று பலரும் கருதுகிறார்கள். 1917-ம் வருஷம் ஆகஸ்டு முதல் தேதி, ஃபிராங்க் லிட்டில் என்ற தொழிலாளர் தலைவரை முகமூடி அணிந்த சிலர் அவர் தங்கியிருந்த விடுதியிலிருந்து இழுத்துச் சென்று, ரயில் பாலத்தில் தூக்கிலிட்டார்கள். அதற்காக ஒருவராவது தண்டனை பெறவில்லை. அந்த மனிதரைக் கொல்வதற்குத் தமக்கு ஐயாயிரம் டாலர் தருவதாகப் பேரம் பேசப்பட்டது என்று ஹாமெட் சொன்னதாக, அவருடைய நெடுங்காலச் சிநேகிதியான லில்லியன் ஹெல்மன் எழுதியிருக்கிறார். நீதி செய்ய ஆளில்லாத இடத்தில்தான் பழிக்கதை முளைக்கிறது.

நாற்பது வருஷத்துக்குப் பிறகு, 1969-ல், மரியோ பூஸோ எழுதிய ‘காட்ஃபாதர்’ தொடங்கும் இடத்தைப் பாருங்கள். அதுவும் ஒரு நீதிமன்றந்தான். பிரேதங்களை அடக்கம் செய்யும் தொழிலுள்ள பொனாஸெரா என்பவர் தம் மகளை அடித்துச் சிதைத்த இரண்டு வாலிபர்கள் சிறைக்குப் போகாமல் வெளியே வருவதைக் காண்கிறார். மனம் வெதும்பி, கள்ளர் கூட்டத் தலைவனான கார்லியோனியிடம் போய் நியாயம் கேட்கிறார். நியாயம் உடனே கிடைக்கிறது. ஆனால் கடனாகக் கிடைக்கிறது! என்றைக்காவது ஒரு நாள் அந்தக் கடனைத் தீர்க்க வேண்டும். கூப்பிட்ட குரல் கேட்டதும் அந்த மனிதர் நடுநடுங்கிப் போகிறார். பூஸோ தாம் உண்மையான கள்ளர் கூட்டத்தான் ஒருவனையும் சந்தித்ததில்லை என்று பிற்காலத்தில் ஒப்புக்கொண்டார். ஆயினும் அந்தப் பயத்தை அவர் சரியாக எடைபோட்டிருக்கிறார்.

நமக்கும் இது புதிய சங்கதியல்ல. தந்தையைக் கொன்ற பழியைத் தீர்க்க அசுவத்தாமன் நள்ளிரவில் பாசறைக்குள் புகுந்தான்; உறங்கிக் கொண்டிருந்த திரௌபதியின் ஐந்து புதல்வர்களையும் கொன்றான். அவன் கோபத்துக்குக் காரணம் இல்லை என்று பாரதம் சொல்லவில்லை. காரணத்தையும் சொல்லி, அவன் செய்த காரியத்தையும் சொல்லி, சாபத்தையும் சொல்லுகிறது.

ஆகையால், இந்தப் புத்தகங்களை வீட்டுக்குள் விடக் கூடாது என்று நாம் சொல்லமாட்டோம். அநியாயம் செய்தவன் அடிபடுவதைக் கண்டு நெஞ்சு குளிர்வது மனித சுபாவம். அந்தக் குளிர்ச்சியை மட்டும் விற்கும் புத்தகம் மட்டமானது. அதன் விலையையும் கூடவே சொல்லும் புத்தகம் உயர்ந்தது. சுதந்திர நாட்டுப் பிரஜைகளுக்கு இதில் அதிகப்படியான கவலையும் உண்டு. சட்டம் அந்நியனுடையது என்று சொல்லித் தப்பித்துக் கொள்ள இனி வழியில்லை, அது நம்முடையது. கோர்ட்டு வேண்டாம், ஒரு வீரன் வந்தால் போதும் என்று நாம் புத்தகத்துக்கு வெளியிலும் நினைக்கத் தொடங்கினால், நஞ்சூருக்கு ரயிலேறிப் போக வேண்டியதில்லை. அதுவே நம் ஊருக்கு வந்துவிடும்.

பிள்ளைகளிடமிருந்து புத்தகத்தைப் பிடுங்குவதற்குப் பதிலாக, பெற்றோர் அதைத் தாங்களும் படித்துவிட்டு ஒரு கேள்வி கேட்கலாம்: ‘சண்டையெல்லாம் ஓய்ந்த பிறகு ஊர் யார் கையில் இருக்கிறது?’ ஹாமெட்டின் கதையில் கும்பல் தலைவர்கள் எல்லோரும் மாண்ட பிறகு ராணுவம் வருகிறது. ஊர் மறுபடியும் எலிஹு கிழவரிடமே ஒப்புவிக்கப்படுகிறது. முதன்முதலில் ரௌடிகளை அழைத்து வந்தவர் அவர்தான்.