இன்ஜினுக்கும் மூக்கு உண்டு!

1979-ல் அரசு சிமென்ட் ஆலை வந்த ஊர் அரியலூர். பிறகு தனியார் ஆலைகளும் வரிசை கட்டின. அங்கே சுண்ணாம்புக்கல் லாரிக்குப் பின்னால் பத்து நிமிஷம் பைக் ஓட்டிப் பாருங்கள். முகத்தில் பவுடர் அப்பியிருக்கும். நீங்கள் கர்சீப் கட்டிக்கொள்ளலாம். இன்ஜினுக்குக் கர்சீப், ஏர் ஃபில்டர்தான்.

அதைப்போய் கழற்றிவிட்டு, 'பவர் ஏறும்' என்று கடையில் விற்கிற பஞ்சுத்துணி ஃபில்டரை மாட்டுகிறீர்களே, நியாயமா? காற்று தாராளமாகப் போகிற வழியில் பொடித்தூசி மட்டும் வரிசையில் நிற்குமா? பிஸ்டன் ரிங் தேயும், இன்ஜின் ஆயில் குடிக்கும், புகை கக்கும். நூறு சிசி வண்டியில் ஏறுவது பெரும்பாலும் சத்தம்தான்!

ரேஸ்காரர் இன்ஜினை அடிக்கடி பிரித்து மாட்டுவார். உங்கள் வண்டியோ தவணை முடிந்தும் பல வருஷம் உழைக்கணும். அந்தக் காசில் கம்பெனி ஃபில்டரையே சீக்கிரம் சீக்கிரமாக மாற்றுங்கள். மீதி வீரத்தை, தார்ப்பாய் மூடாத லாரியிடம் காட்டுங்கள்!