அனுமதிப்பத்திரக் கட்டணமும் வறியோர் மீதான தண்டமும்

பிரித்தானியாவில் தொலைக்காட்சி அனுமதிப்பத்திரக் கட்டணம் 1946 ஆம் ஆண்டு முதல் அறவிடப்பட்டு வருகின்றது. ஆரம்பத்தில் இரண்டு பவுண்களாக இருந்த வருடாந்தக் கட்டணம் 2025 ஏப்ரலில் 174.50 ஸ்ரேலிங் பவுண்களாக உயர்த்தப்பட்டது. பி.பி.சி.யின் பிரதான வருமானம் இதுவேயாகும். 2017 இல் நடைமுறைக்கு வந்த அதன் அரச பட்டயம் 2027 டிசம்பர் 31 வரையானது என்பதால், இக்கட்டணத்தின் எதிர்காலம் குறித்த விவாதம் அங்கு வலுப்பெற்றுள்ளது. எம்மவர் பெருமளவில் வாழும் நாடு என்பதால் இவ்விவாதம் எமக்கும் அந்நியமானதல்ல.

பி.பி.சி.யைப் பார்க்காதவர்கள் இக்கட்டணத்தைச் செலுத்த வேண்டியதில்லை என்ற எண்ணம் பலரிடம் காணப்படுகின்றது. இது தவறானது. எந்த நாட்டின், எந்த மொழியின் அலைவரிசையாயினும், அது ஒளிபரப்பாகும் வேளையிலேயே பார்ப்பதற்கு அனுமதிப்பத்திரம் அவசியமாகும். செய்மதி வழியாகவோ இணையத்தின் ஊடாகவோ தமிழ் அலைவரிசைகளை மட்டும் பார்க்கும் குடும்பங்களும் இதற்கு உட்பட்டவையே.

மின்சாரக் கட்டணம் நிலுவையானால் அது கடனாகவே கருதப்படுகின்றது. ஆனால், அனுமதிப்பத்திரமின்றித் தொலைக்காட்சி பார்ப்பது குற்றவியல் குற்றமாகும். ஆயிரம் பவுண்கள் வரை தண்டப்பணம் விதிக்கப்படலாம். வழக்குச் செலவும் அதனுடன் சேர்ந்து கொள்ளும். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் இத்தகைய வழக்குகளில் பெரும்பாலானவை, எதிராளி மன்றில் தோன்றாமலேயே, தனியொரு நீதவானால் ஆவணங்களின் அடிப்படையில் தீர்க்கப்படுகின்றன. அறிவித்தற் கடிதத்தைப் பிரித்துப் பாராதவரும், ஆங்கிலத்தில் வாசித்து விளங்கிக்கொள்ள இயலாதவரும் தமது தரப்பைக் கூறாமலேயே குற்றவாளியாகி விடுகின்றனர்.

இதன் சுமை யார் மீது விழுகின்றது என்பதே முக்கியமான கேள்வியாகும். 2019 ஆம் ஆண்டில் இக்குற்றத்துக்காகத் தண்டிக்கப்பட்டோரில் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கினர் பெண்களாவர். உத்தியோகத்தர் கதவைத் தட்டும்போது வீட்டில் இருப்பவர் பெரும்பாலும் பெண் என்பது இதற்குக் கூறப்படும் காரணங்களுள் ஒன்றாகும். 75 வயதுக்கு மேற்பட்ட அனைவருக்கும் 2000 ஆம் ஆண்டு முதல் வழங்கப்பட்ட இலவச அனுமதிப்பத்திரமும் 2020 ஓகஸ்ட் முதல், குறைந்த வருமானமுடைய முதியோருக்கான ஓய்வூதிய உதவிக்கொடுப்பனவு பெறும் குடும்பங்களுக்கென மட்டுப்படுத்தப்பட்டது. அக்கொடுப்பனவுக்கு உரித்துடையோரில் பலர் அதற்கு விண்ணப்பிப்பதே இல்லை.

ஆயினும், இக்கட்டணத்தை வீண் வரியென ஒதுக்கிவிடவும் முடியாது. யுத்த காலத்தில், பொருளாதாரத் தடையினால் மின்கலமும் கிடைக்காத நாட்களில், சைக்கிள் டைனமோவைச் சுழற்றி வானொலி கேட்ட வடபுலத்து மக்கள் 'தமிழோசை'யின் பெறுமதியை நன்கறிவர். அன்று பிரித்தானிய வெளிநாட்டமைச்சின் மானியத்தில் இயங்கிய உலக சேவையின் செலவு, 2014 ஏப்ரலில் அனுமதிப்பத்திரக் கட்டணத்தின் மீது சுமத்தப்பட்டது. 2017 ஏப்ரலுடன் தமிழோசையின் சிற்றலை ஒலிபரப்பு நின்றது. ஆட்சி மாறும்போதெல்லாம் அரச ஊடகங்களின் நிர்வாகமும் செய்தியின் தொனியும் மாறுவதைக் கண்டு பழகிய எமக்கு, ஆட்சியாளரின் கையை எதிர்பாராத பொது ஒலிபரப்பின் அருமையை எவரும் எடுத்துரைக்க வேண்டியதில்லை.

எனவே, கட்டணம் நியாயமானதாக இருக்கலாம்; அதனை அறவிடும் முறையும் நியாயமானதாக இருத்தல் வேண்டும். செலுத்த வசதியிருந்தும் ஏய்ப்பவரையும், வசதியின்றித் தவிப்பவரையும் ஒரே குற்றக்கூண்டில் நிறுத்துவது நீதியாகாது. குற்றவியல் தண்டனையை நீக்குவது குறித்து 2020 இல் மக்களின் கருத்தைக் கேட்ட பிரித்தானிய அரசாங்கம் அதனைக் கைவிட்டது. புதிய பட்டயம் வரையப்படும்போது அக்கேள்விக்கு விடை காணப்பட வேண்டும்.

அதுவரை சட்டம் சட்டமே. வாராந்த, மாதாந்தத் தவணைகளில் செலுத்தும் வசதி உண்டு. பார்வையற்றோராக (கடுமையான பார்வைக் குறைபாடுடையோராக) பதிவு பெற்றவர்களுக்கு அரைக்கட்டணமே அறவிடப்படுகின்றது. அங்குள்ள எமது இளைய தலைமுறையினர், தமது வீட்டு முதியோருக்கு வரும் கடிதங்களை உடனுக்குடன் வாசித்துக் கூறி, உரிய சலுகைகளுக்கு விண்ணப்பிக்க உதவ வேண்டும். பிரித்துப் பாராத ஒரு கடிதம் அவர்களை நீதிமன்றப் பதிவேட்டில் சேர்த்துவிட இடமளிக்கலாகாது.