டீச்சர் வீட்டில் துப்பாக்கியா?

போன வாரம் ஒரு காதுகுத்து விசேஷம். பந்தியில் பக்கத்தில் உட்கார்ந்த உறவுக்கார அம்மா, சாம்பார் வருவதற்குள் கேட்டே விட்டார்: "ஏன் டீச்சர், உங்க வீட்ல துப்பாக்கி வச்சிருக்கீங்களாமே? பொம்பளப் புள்ள இருக்கிற வீட்ல..." எதிர் இலையில் இருந்த தம்பி எனக்கு ஆதரவாகப் பேசுவதாக நினைத்துக்கொண்டு, "நல்லதுதானே அத்தை, காலம் கெட்டுக் கிடக்கு, ஒரு பாதுகாப்பு" என்றார்.

இரண்டு பேருக்கும் அங்கே பதில் சொல்லவில்லை. இங்கே சொல்கிறேன். கொஞ்சம் நீளமாக இருக்கும். 34 வருஷம் வகுப்பில் பேசிய வாய், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஆமாம், இருக்கிறது. என் இளைய மகள் பெயரில் உரிமம் பெற்ற .22 பிஸ்டல். இத்தாலியில் செய்தது. ஒரு மூத்த வீரரிடமிருந்து முறைப்படி விலைக்கு வாங்கியது. அதை வைத்து அவள் அட்டையைத் தவிர வேறு எதையும் சுட்டதில்லை, சுடப் போவதும் இல்லை.

.22 என்பது குண்டின் விட்டம், சுமார் 5.6 மில்லிமீட்டர். குண்டின் எடை இரண்டரை கிராம் சொச்சம். இதை ரிம்ஃபயர் என்பார்கள். தட்டினால் பற்றுகிற மருந்து தோட்டாவின் அடி விளிம்புக்குள் இருக்கும், ஊசி அந்த விளிம்பில் தட்டும். செமி ஆட்டோமேட்டிக் என்றதும் பலருக்கு சினிமாவில் வரும் இயந்திரத் துப்பாக்கி ஞாபகம் வருகிறது. ஒரு முறை விசையை அழுத்தினால் ஒரே ஒரு குண்டுதான் போகும். காலிக் கூட்டை வெளியே தள்ளி அடுத்த தோட்டாவை ஏற்றிவைப்பது மட்டும் தானாக நடக்கும். விசையை அழுத்திப் பிடித்திருக்கும் வரை குண்டு பாய்ந்துகொண்டே இருக்கும் ஆயுதத்தை நம் நாட்டின் 1959 ஆயுதச் சட்டம் தடை செய்யப்பட்ட ஆயுதம் என்கிறது. இது அதில் சேராது.

அவள் ஆடுவது 25 மீட்டர் பெண்கள் பிஸ்டல். மொத்தம் 60 குண்டு, 600 மதிப்பெண். முதல் 30 நிதானச் சுற்று, ஐந்து குண்டுக்கு ஐந்து நிமிடம். அடுத்த 30 விரைவுச் சுற்று. ஒவ்வொரு குண்டுக்கும் மூன்று வினாடி, இடையில் ஏழு வினாடி. அந்த ஏழு வினாடியும் கையைத் தாழ்த்தி வைத்திருக்க வேண்டும். பச்சை விளக்கு எரிந்ததும் கையைத் தூக்கி, குறி பார்த்து, ஒரே ஒரு குண்டு சுட்டு, மறுபடி தாழ்த்த வேண்டும். மூன்று வினாடிக்குள் மூச்சும் கண்ணும் விரலும் ஒரே புள்ளிக்கு வர வேண்டும். தினசரிப் பழக்கம் இல்லாமல் இது வராது.

ஆரம்பத்தில் நானும் பயந்தவள்தான். கல்லூரி என்.சி.சி.யில் .22 ரைபிள் சுட்டுவிட்டு வந்து "எனக்கு இதுதான்மா பிடிச்சிருக்கு" என்றபோது, "உனக்கு வேற விளையாட்டே கிடைக்கலையா?" என்று கத்தினேன். பிறகு ரைபிள் கிளப்பில் போய் உட்கார்ந்து பார்த்தேன். என் வகுப்பறையில் கூட அப்படி ஓர் ஒழுங்கை நான் கண்டதில்லை. பயிற்சியாளர் சொல்லாமல் ஒருவர் கையும் ஆயுதத்தைத் தொடாது. யாராவது இலக்குப் பக்கம் போனால் மற்ற எல்லோரும் மேஜையை விட்டுப் பின்னால் நிற்பார்கள்.

உரிமம் வாங்கிய கதை தனி. விண்ணப்பம், போலீஸ் விசாரணை, மருத்துவச் சான்று, வீட்டில் எங்கே வைப்பீர்கள் என்ற கேள்வி. அத்தனைக்கும் நான் நன்றிதான் சொல்வேன். இன்னும் கடுமையாக விசாரித்தாலும் எனக்குச் சம்மதம்.

என் கோபம் வேறு இடத்தில்.

2024 மார்ச் 16 அன்று மக்களவைத் தேர்தல் அறிவித்தார்கள். நாலாம் நாள் ஸ்டேஷனிலிருந்து போன்: "பிஸ்டலைக் கொண்டுவந்து ஒப்படைச்சிடுங்க." தேர்தல் காலத்தில் ஆயுதங்களை வாங்கி வைப்பது நியாயமான ஏற்பாடு. ஆனால் தேர்தல் ஆணையத்தின் அறிவுறுத்தல், உரிமம் உள்ள எல்லோரிடமும் மொத்தமாக வாங்கச் சொல்லவில்லை. பெயிலில் இருப்பவர், குற்றப் பின்னணி உள்ளவர், கலவரத்தில் ஈடுபட்டவர் என்று பார்த்து ஒரு குழு முடிவு செய்ய வேண்டும். தேசிய ரைபிள் சங்க உறுப்பினராக இருந்து போட்டிகளில் கலந்துகொள்ளும் வீரர்களுக்கு விலக்கும் இருக்கிறது.

அந்த நகலை எடுத்துக்கொண்டு நானும் மகளும் போனோம். அங்கே ரைட்டராக இருந்தவர் என்னிடம் ஐந்தாம் வகுப்பு படித்த பையன். பார்த்ததும் எழுந்து நின்றார், நாற்காலி போட்டார், டீ சொன்னார். நகலை மட்டும் கையில் வாங்கவில்லை. "இதெல்லாம் இருக்கலாம் டீச்சர். எல்லார்கிட்டயும் வாங்கிடச் சொல்லி மேல உத்தரவு. எனக்கு எதுக்கு வம்பு?" பக்கத்தில் இருந்தவர் சிரித்துக்கொண்டே, "பாப்பாவ ரெண்டு மாசம் கேரம் ஆடச் சொல்லுங்க" என்றார்.

ஒப்படைத்துவிட்டு ரசீது வாங்கி வந்தோம். தமிழ்நாட்டில் ஓட்டுப்பதிவு ஏப்ரல் 19. பிஸ்டல் திரும்பக் கையில் கிடைத்தது ஜூன் 14. ஆக 86 நாள். ஓட்டுப் போட்ட மை விரலில் அழிந்தே போய்விட்டது. துணிப்பையில் சுற்றி, சீட்டுக் கட்டி, ஈரம் காக்கிற அறையில் போட்டிருந்தார்கள். மேல் பகுதியில் துருப்புள்ளி. அவள் அதைத் துடைத்துக்கொண்டே அழுதாள். பிஸ்டல் வாங்கிய அன்றுகூட அவள் கண் கலங்கி நான் பார்க்கவில்லை.

அந்த 86 நாளும் அவள் என்ன செய்தாள் தெரியுமா? காலையும் மாலையும் சுவரைப் பார்த்து நின்று, இஸ்திரிப் பெட்டியை ஒரு கையில் நீட்டிப் பிடித்துக்கொண்டிருந்தாள். கை பழக்கம் விட்டுப்போகக் கூடாதாம். "ஏர் பிஸ்டல்ல பழகலாமே" என்று சிலர் சொன்னார்கள். ஏர் பிஸ்டலின் விசைக்குக் குறைந்தபட்ச எடை 500 கிராம், இதற்கு 1000 கிராம். அதில் இந்த அதிர்வும் இல்லை. ஆர்மோனியத்தில் பழகிவிட்டு வீணைக் கச்சேரிக்குப் போ என்பதைப் போலத்தான். மார்ச்சில் 571 எடுத்தவள், ஜூன் கடைசியில் நடந்த தேர்வுப் போட்டியில் 548 எடுத்தாள். அணியில் பெயர் வரவில்லை.

அடுத்த மாதமே பாரிஸ் ஒலிம்பிக். மனு பாக்கர் ஏர் பிஸ்டலில் இரண்டு வெண்கலம் வாங்கினார். என் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் "சிங்கப்பெண்" என்று நாற்பது பேர் படம் போட்டார்கள். அதே மனு பாக்கர் 25 மீட்டர் பிஸ்டலில் நாலாவது இடத்தில் நின்றார். அவர் அன்று பிடித்திருந்ததும் .22தான். 2012 லண்டனில் விஜய் குமார் வெள்ளி வாங்கியதும், 2018 ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் ராஹி சர்னோபத் தங்கம் வாங்கியதும் .22 பிஸ்டலில்தான். மேடையில் நின்றால் சிங்கப்பெண், பக்கத்து வீட்டில் பழகினால் "பொம்பளப் புள்ள இருக்கிற வீடு." இதென்ன நியாயம் அம்மா?

பாதுகாப்பு என்று சொன்ன தம்பிக்கும் ஒரு வார்த்தை. தப்பு தம்பி. இந்த உரிமம் விளையாட்டுக்குக் கொடுத்தது. கிளப்புக்குப் போகும்போது தோட்டா இறக்கி, பெட்டியில் பூட்டித்தான் எடுத்துப் போவாள். வீட்டில் பிஸ்டல் ஒரு பெட்டகத்தில், தோட்டா வேறொரு பெட்டகத்தில். இரண்டு சாவியும் என் கைக்கு எட்டாது, அப்படித்தான் இருக்க வேண்டும். மனம் கலங்கிய ஒரு நிமிடத்தில் எட்டுகிற தூரத்தில் துப்பாக்கி இருப்பது எந்த வீட்டுக்கும் பாதுகாப்பு இல்லை. பயத்துக்காகத் துப்பாக்கி வாங்க ஆசைப்படுகிறவர்கள் என் மகளை உதாரணம் காட்டாதீர்கள்.

பணக்கார விளையாட்டு என்பவர்களோடு எனக்குச் சண்டை இல்லை. உண்மைதான். என் பணிக்கொடையில் ஒரு பங்கு இதற்குத்தான் போனது. மாவட்டந்தோறும் அரசுச் சுடுதளமும், ஆயுதங்களைப் பூட்டி வைக்கக் காவலுள்ள அறையும் இருந்தால், வீட்டில் பிஸ்டலே வேண்டாம் என்று முதலில் கையெழுத்துப் போடுகிறவள் நான்தான்.

அதுவரை நான் கேட்பது மூன்றுதான்.

1. விலக்கு உள்ளவர்களின் பட்டியலை மாவட்ட ரைபிள் கிளப்பிடம் வாங்கி, தேர்தல் அறிவிக்கும் முன்பே ஸ்டேஷன்களுக்கு அனுப்புங்கள்.

2. வாங்கித்தான் தீருவோம் என்றால், ஏன் வாங்குகிறோம் என்று எழுத்தில் காரணம் கொடுங்கள்.

3. வாங்கியதை ஈரம் படாத இடத்தில் வையுங்கள். தேர்தல் முடிந்த வாரமே திருப்பிக் கொடுங்கள்.

இதில் ஒன்றுகூடச் சட்டத்தைத் தளர்த்தச் சொல்லும் கோரிக்கை இல்லை. எழுதி வைத்ததைப் படித்துப் பாருங்கள் என்கிறேன், அவ்வளவுதான். அந்த ரைட்டர் தம்பிக்கு வாசிக்கக் கற்றுக்கொடுத்தவளே நான்தான். அவர் நகலைக் கையில் வாங்காமல் ஒதுக்கியபோது என் மனசு பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

சட்டமன்றத் தேர்தல் வரும், உள்ளாட்சித் தேர்தல் வரும். ஒவ்வொரு முறையும் என் மகள் இஸ்திரிப் பெட்டியோடு சுவரைப் பார்த்து நிற்க வேண்டுமா?

காவல்துறையில், வருவாய்த்துறையில் இருக்கும் என் பழைய மாணவர்கள் இதைப் படிப்பீர்கள் என்று தெரியும். பதில் எழுதுங்கள். தப்பாகச் சொல்லியிருந்தால் திருத்துங்கள், திருத்திக்கொள்கிறேன்.