அலகு கோணியது யாரால்?

லவ் பேர்ட்ஸ் வளர்ப்பவர்கள் நான்கு பேர் கூடினால் பேச்சு நிறத்தில்தான் தொடங்கும். லுட்டினோ, அல்பினோ, ஸ்பாங்கிள், கொண்டை என்று அடுக்குவோம். எத்தனை ஜோடி, எத்தனை அடை, குஞ்சு என்ன விலைக்குப் போனது என்று கணக்குச் சொல்வோம். அலகு கோணிய குஞ்சைப் பற்றி மட்டும் வாய் திறக்க மாட்டோம். லவ் பேர்ட்ஸ் என்று நாம் அழைக்கும் பட்ஜியைப் பல ஆண்டுகளாக வளர்த்தவர்களில் அப்படி ஒரு குஞ்சைப் பார்க்காதவர் குறைவு. ஆனாலும் அது என்ன ஆனது என்று யாரும் யாரையும் கேட்பதில்லை. கேட்டால் அதே கேள்வி நம்மிடம் திரும்பி வரும்.

அவை எங்கே போயின என்று நமக்குத் தெரியும். சிலவற்றைப் பாதி விலைக்கு ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் தள்ளிவிட்டோம். சிலவற்றைப் பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கு இலவசமாகக் கொடுத்து நல்ல பெயர் வாங்கினோம். சிலவற்றை மொட்டை மாடியில் திறந்துவிட்டு, "எங்கேயாவது போய்ப் பிழைத்துக்கொள்ளும்" என்றோம். அதைப் புண்ணியக் கணக்கிலும் எழுதிக்கொண்டோம். ஆஸ்திரேலியாவின் வறண்ட புல்வெளிக்குரிய இனம். தலைமுறை தலைமுறையாகக் கூண்டிலேயே பிறந்தது. நேரான அலகுகூட இல்லை. நம் ஊர்க் காக்கைகளுக்கு நடுவே அது எப்படிப் பிழைக்கும் என்று யோசிக்கவில்லை. இன்று யாரோ ஒருவர் தன் வீட்டில் அட்டைப் பெட்டிக்குள் துணி விரித்து, விளக்கு வைத்துக் காப்பாற்றிக்கொண்டிருக்கும் குஞ்சு, நம்மில் ஒருவர் கைவிட்ட குஞ்சு.

பிறவிக் கோளாறு என்று சொல்லித் தப்பிக்கிறோம். பரம்பரையாக வரும் கோணலும் உண்டுதான். ஒரே கூண்டில் பிறந்த அண்ணனையும் தங்கையையும் ஜோடி சேர்த்து, கோணல் அலகுள்ள பறவையையும் நிறத்துக்காக அடைக்கு விட்டால் அது வராமல் எப்படிப் போகும்? அதற்கும் நாம்தான் பொறுப்பு. பிறக்கும்போது நன்றாக இருந்து, நாம் கட்டிவிட்ட கூட்டுப் பானைக்குள்ளேயே கோணிப்போகும் அலகுகளுக்கோ எந்தச் சாக்கும் கிடையாது.

பெண் பட்ஜி ஒரு நாள் விட்டு ஒரு நாளாக நான்கு முதல் ஆறு முட்டை வரை இடும். கடைசி முட்டைவரை காத்திராமல் அடைகாக்கத் தொடங்கிவிடும். ஏறத்தாழ 18 நாளில் ஒவ்வொன்றாகப் பொரியும். அதனால் மூத்த குஞ்சுக்கு இறகு குத்திட்டு வரும் நேரத்தில், கடைக்குட்டி இரண்டு கிராம் எடையில் கண் திறக்காமல் கிடக்கும். தாய் ஊட்டும் உணவின் மிச்சம் குஞ்சின் மேல் அலகின் உட்குழிவில் ஒட்டிக் காய்கிறது. நாளுக்கு நாள் அதன்மேல் அடுத்த படிவு ஏறுகிறது. அலகு இன்னும் மென்மையாக இருக்கும் பருவம் அது. படிவு அடைத்துக்கொண்டால் மேல் அலகு சரியாக நீள வழியில்லாமல் உள்ளே மடங்குகிறது, கீழ் அலகு முந்திக்கொண்டு வெளியே நிற்கிறது. கெட்டிப்பட்ட பிறகு அது நிலைத்துவிடுகிறது.

இதைத் தடுக்க என்ன வேண்டும்? குஞ்சை உள்ளங்கையில் வைத்து, தலையை விரலால் தாங்கி, வெதுவெதுப்பான நீரில் நனைத்த முனை மழுங்கிய தீக்குச்சியால் மேல் அலகின் உட்புறத்தை மெல்ல வருட வேண்டும். மஞ்சளாகக் காய்ந்த பொருக்கு ஒன்று இளகிக் கழன்று வரும். குஞ்சு ஒரு முறை கத்தும், பிறகு அடங்கும். ஒரு நிமிட வேலை. அந்த ஒரு நிமிடத்தைத்தான் நாம் கொடுக்கவில்லை.

பானையை இறக்கிப் பார்க்காததற்கு ஒரு காரணமும் வைத்திருந்தோம்: "மனிதக் கை பட்டால் தாய் ஒதுக்கிவிடும்." மனிதர்களைப் பார்த்துப் பழகிய பட்ஜி அப்படி ஒதுக்குவதில்லை. அனுபவமுள்ள வளர்ப்பாளர்கள் தினமும் கூட்டைத் திறந்து பார்க்கிறார்கள். நாமோ குறுகிய வாய்ப் பானையைக் கம்பியில் கட்டித் தொங்கவிட்டு, உள்ளே கீச்சுக் குரல் கேட்டால் குஞ்சு பொரித்திருக்கிறது என்று தெரிந்துகொண்டோம். குரல் குறைந்தால் ஏதோ ஒன்று போய்விட்டது என்று தெரிந்துகொண்டோம். மரத்தூள்கூடப் போடாத வழுவழுப்பான அடிப்பகுதியில் கால் விரிந்துபோன குஞ்சுகளும் அங்கேதான் இருந்தன.

அடுத்தது தீனி. காட்டில் பட்ஜிகள் பலவகைப் புல் விதைகளை, பால் பிடித்த இளம் விதையாகவும் முற்றிய விதையாகவும் தின்கின்றன. நாம் கொடுத்தது காய்ந்த தினை மட்டும். ஆண்டு முழுவதும் அதே தினை. வெறும் விதையில் வைட்டமின் ஏ-யும் சுண்ணாம்புச் சத்தும் போதாது. அப்படி மெலிந்த தாயின் கூண்டிலிருந்து பானையை எடுக்காமல், அடை மேல் அடையாகக் குஞ்சு எடுத்தோம். கொல்லையில் முருங்கைக்கீரை வீணாய்ப் போனது. கடல் நுரை எனப்படும் கணவாய் ஓடு ஒரு துண்டு வாங்கிக் கம்பியில் செருக நமக்கு நினைவு வரவில்லை.

தீனிக் கிண்ணத்தைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். பட்ஜி தினையை அப்படியே விழுங்காது. நாக்கால் மேல் அலகின் உட்புற வரம்பில் விதையை அழுத்திப் பிடித்து, கீழ் அலகால் உமியைக் கீறி உரித்து, உள்ளிருக்கும் பருப்பை மட்டும் தின்னும். உமி கிண்ணத்திலேயே விழும். காலையில் எட்டிப் பார்த்தால் கிண்ணம் நிறைந்திருக்கும். அது வெறும் உமி. ஊதிப் பார்த்தால்தான் தெரியும். ஊதிப் பார்க்காமலே பல பறவைகளைப் பட்டினி போட்டிருக்கிறோம். மேல் அலகு மடங்கிய குஞ்சின் பாடு இன்னும் கொடுமை. உண்மையான தினையே இருந்தாலும் அதனால் உரிக்க முடியாது. நாள் முழுக்கக் கிண்ணத்தின் விளிம்பில் உட்கார்ந்து விதையை எடுக்கும், நழுவவிடும், மறுபடி எடுக்கும். நாம் அதைப் பார்த்து, "நல்லா சாப்பிடுது" என்றோம். மார்பெலும்பு கத்தி முனையாய்த் துருத்திய பிறகுதான் கையில் எடுத்தோம்.

அலகில் பொருக்குத் தட்டும் செதில் பூச்சி நோயையும் அப்படியே விட்டோம். அலகிலும் மூக்குப் பகுதியிலும் நுண்ணிய துளைகளோடு சாம்பல் நிறப் படலம் படரும். கண்ணுக்குத் தெரியாத சிற்றுண்ணிகள் குடைவதால் வருவது அது. மருத்துவர் எடை பார்த்துக் கொடுக்கும் ஐவர்மெக்டின் மருந்தில் குணமாகும். நாம் தேங்காய் எண்ணெய் தடவிக் காத்திருந்தோம், அலகு உருக்குலைந்தது. இன்னும் சிலர் மாட்டுக்குப் போடும் மருந்தை உத்தேசமாகத் தொட்டு வைத்தார்கள். முப்பது நாற்பது கிராம் எடையுள்ள உயிருக்கு ஒரு துளி கூடினாலும் ஆபத்து. நீண்ட அலகை நகவெட்டியால் வெட்டியவர்களும் உண்டு. அலகுக்குள் இரத்த நாளமும் நரம்பும் ஓடுகின்றன என்பது இரத்தம் பீறிட்ட பிறகே தெரிந்தது.

இப்படிக் கைவிடப்பட்ட குஞ்சுகளை மீட்பவர்களாகிய நமக்கும் இதில் பங்கு உண்டு. இரக்கத்தோடு வாங்கி வந்தோம், கற்றுக்கொண்டு வாங்கி வரவில்லை. குளிர்ந்து கிடக்கும் குஞ்சுக்கு முதலில் சூடு, பிறகுதான் உணவு என்று தெரியாமல் வந்ததும் வராததுமாக ஊட்டினோம். பாலில் பிஸ்கட்டைக் கரைத்துக் கொடுத்தோம்; பாலிலுள்ள சர்க்கரையைச் செரிக்கும் திறன் பறவைக்கு இல்லை. கையால் ஊட்டும் கூழ் 39 முதல் 41 டிகிரி செல்சியஸ் வரை இருக்க வேண்டும். நாம் ஆறிய கூழ் கொடுத்தோம், தீனிப்பையிலேயே தேங்கிப் புளித்தது. கொதிக்கக் கொடுத்தோம், தீனிப்பை வெந்தது. சிரிஞ்சை ஒரே பக்கமாக அழுத்தித் திணித்ததில், நேராக இருந்த அலகும் சாய்ந்து, மேலும் கீழும் பொருந்தாத கத்தரி அலகாயிற்று. காப்பாற்ற வந்த கையாலும் கோணல் வந்தது. போதாக்குறைக்கு, படம் எடுத்துப் பகிர்ந்தோம், பாராட்டு வந்தது, இன்னும் நான்கு குஞ்சுகளை ஏற்றுக்கொண்டோம். புதிதாக வந்ததைத் தனியே வைக்காமல் பழையவற்றோடு சேர்த்து, நோயையும் சேர்த்துவிட்டோம்.

இவை எல்லாவற்றுக்கும் அடியில் ஒரு கணக்கு இருக்கிறது. ஒரு ஜோடி பட்ஜி சில நூறு ரூபாய். மருத்துவச் செலவு அதைவிட அதிகம். "அதுக்குப் பதில் புதுசா ஒண்ணு வாங்கிக்கலாமே" என்று வீட்டில் யாராவது சொல்வார்கள், நாமும் தலையாட்டுவோம். 1903-இல் தொடங்கிய கால்நடை மருத்துவக் கல்லூரி சென்னை வேப்பேரியில் இருக்கிறது. அதன் மருத்துவமனைப் படியை ஒரு பட்ஜிக்காக நம்மில் எத்தனை பேர் ஏறினோம்? நாட்டுக் கிளி வளர்ப்பது 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம் என்று தெரிந்ததும் பலர் பட்ஜிக்கு மாறினோம். சட்டம் தடுக்காத பறவை என்பதால் பொறுப்பும் கிடையாது என்று எடுத்துக்கொண்டோம். செல்லப்பிராணிக் கடைகள் பதிவு செய்ய வேண்டும் என்று 2018-இல் விதிகள் வந்தன. பதிவுச் சான்று எங்கே என்று எந்தக் கடையிலும் நாம் கேட்டதில்லை. விலையைக் குறைக்கத்தான் கேட்டோம்.

ஒப்புக்கொள்வதோடு நிறுத்தினால் பயனில்லை. குஞ்சு பொரித்த நாள் முதல் தினம் ஒரு முறை கூட்டைத் திறந்து, ஒவ்வொரு அலகின் உட்புறத்தையும் பார்ப்போம். மடங்கத் தொடங்கிய இளம் அலகை, மருத்துவர் காட்டித் தரும் முறையில் பஞ்சுக் குச்சியால் மெல்ல வெளியே தூக்கிச் சில நொடி பிடிப்பதை நாளுக்குப் பலமுறை செய்தால் நேராக வாய்ப்பிருக்கிறது. கெட்டிப்பட்டுவிட்டால் அந்த வாய்ப்பு வெகுவாகக் குறையும். அப்படிப்பட்ட பறவைக்கு, மளிகைக் கடையில் கிடைக்கும் உமி நீக்கிய தினை அரிசி, ஊறவைத்து முளைகட்டிய தானியம், மசித்த அவித்த முட்டை, பொடியாக அரிந்த கீரை, துருவிய கேரட் போதும். அலகை அவ்வப்போது திருத்த மருத்துவரிடம் போக வேண்டும், ஆயுள் முழுக்க. அதற்கு மனமில்லாதவர் அந்தப் பறவையை ஏற்க வேண்டாம். ஏற்றவர் அதை அடைக்கு விட வேண்டாம். ஆண்டுக்கு இரண்டு அடைக்கு மேல் எந்த ஜோடியிடமும் எடுக்க வேண்டாம். மற்ற நாட்களில் பானையைக் கழற்றி வைப்போம். காக்கைக்கு நடுவே பறக்கவிடுவதைப் புண்ணியம் என்று இனி யாரும் சொல்ல வேண்டாம்.

இத்தனை கவனிப்பும் கிடைத்தால், கோணல் அலகுள்ள பட்ஜியும் ஆண்டுக்கணக்கில் வாழும், பாடும், தோளில் வந்து உட்காரும். இதைப் படிப்பவர் வீட்டில் பானை தொங்குகிறது என்றால், இன்றைக்கே அதை இறக்கி உள்ளே பாருங்கள்.