குளிரின் மேல் போடும் பழி

இடுக்கி மாவட்டத்தின் கிழக்கு எல்லையில் உள்ள வட்டவடை, கோவிலூர் முதலிய மலையூர்களில், உருளைக்கிழங்கும் பூண்டும் ஏற்றும் ஜீப்போ பயணிகளின் காரோ அதிகாலையில் ‘செல்ஃப்’ எடுக்காமல் நின்றுவிட்டால், இரவுக் குளிர் பேட்டரியை இறக்கிவிட்டது என்பதும், புதுப் பேட்டரி போட்டால் சரியாகிவிடும் என்பதும் கேள்வியின்றி ஏற்கப்படும் தீர்ப்புகளாக உள்ளன. இரண்டும் தவறு, இவற்றை நம்பிப் பல ஆயிரம் ரூபாயைப் புதுப் பேட்டரியில் போடுபவர், உண்மையான பழுதைத் தம் வண்டியிலேயே விட்டுவைக்கிறார்.

ஈயத் தகடுகளும் கந்தக அமிலமும் கொண்ட பேட்டரி, எதனோடும் இணைக்கப்படாதபோதும் உள்வினையால் சிறிது சிறிதாகத் தன் மின்னேற்றத்தை இழக்கும். தன்னிறக்கம் எனப்படும் இது, வெப்பநிலை 10 டிகிரி செல்சியஸ் கூடுகையில் ஏறத்தாழ இரு மடங்காகிறது. ஆகவே சும்மா வைத்த பேட்டரி சென்னையில்தான் விரைவில் இறங்குமேயன்றி வட்டவடையில் அன்று. தகடுகளை அரித்து ஆயுளைக் குறைப்பதும் வெப்பமே. குளிர் செய்வது வேறொன்று: அமிலத்தின் வினையை மந்தமாக்கிப் பூஜ்ஜியம் டிகிரியில் பேட்டரியின் உந்துதிறனை ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்காகக் குறைக்கிறது, எஞ்சின் ஆயிலையும் கெட்டியாக்கிச் சுழற்றுவதற்கு வேண்டிய விசையைக் கூட்டுகிறது. முழு மின்னேற்றமுள்ள நல்ல பேட்டரி இதைத் தாங்கும். ஏற்கெனவே பாதி இறங்கியது தாங்காது. பேட்டரியைப் பாதியாக்கியது எது என்பதே கேட்கப்பட வேண்டிய கேள்வி.

சாவியை எடுத்த பின்னும் வண்டிக்குள் ஓடும் மின்னோட்டத்தைக் கசிவு என்பர். கடிகாரம், பூட்டு, கணினிப் பெட்டிகள் ஆகியவற்றுக்காக 50 மில்லி ஆம்பியர் வரை ஓடுவது இயல்பு. டேஷ்போர்டுப் பெட்டியின் மூடி சரியாக அழுந்தாமல் உள்ளே எரியும் 5 வாட் விளக்கொன்று 0.4 ஆம்பியர் இழுக்கிறது. அது நாளொன்றுக்கு 10 ஆம்பியர்-மணி என்பதால், 40 ஆம்பியர்-மணிப் பேட்டரி இரண்டே நாளில் பாதியாகிவிடும். ஃபியூஸ் இல்லாமல் நேரே பேட்டரியில் கொடுத்த பாட்டுப் பெட்டி, கூடுதல் மூடுபனி விளக்கு, ஒட்டிக்கொண்ட ரிலே ஆகியவையும் இவ்வாறே தின்னும்.

இவை எல்லாவற்றையும்விட ஏமாற்றுவது, பட்டறைகளில் டைனமோ எனப்படும் ஆல்டர்னேட்டரே. அதனுள் ஒருதிசையில் மட்டும் மின்சாரத்தை விடும் டயோடுகள் உள்ளன. அவற்றில் ஒன்று பழுதானால் நிறுத்திய வண்டியின் பேட்டரியிலிருந்து மின்சாரம் பின்னோக்கி ஓடும். இதைக் காட்டிக்கொடுக்க வட்டவடைக் குளிரே உதவுகிறது: இரவு முழுவதும் நின்ற வண்டியில் மற்ற இரும்பெல்லாம் சில்லிட்டிருக்க, ஆல்டர்னேட்டரின் முதுகு மட்டும் வெதுவெதுப்பாக இருந்தால் டயோடைச் சந்தேகிக்க வேண்டும்.

கண்டறியும் முறை கடினமன்று. முழுதாக ஏற்றிய பேட்டரி ஓய்வில் 12.6 வோல்ட் காட்டும், 12.2 காட்டினால் பாதிதான் உள்ளது. எஞ்சின் ஓடும்போது ஏறத்தாழ 14 வோல்ட் வராவிட்டால் ஏற்றுவதிலேயே குறை. ஏற்றமும் சரியாக இருந்தால், கதவுகளை மூடி, கணினிப் பெட்டிகள் உறங்கும்வரை அரைமணி முதல் ஒருமணி நேரம் பொறுத்து, மைனஸ் முனைக்கும் கம்பிக்கும் இடையே 10 ஆம்பியர் அளவில் மீட்டரை இணைத்து, ஃபியூஸ்களை ஒவ்வொன்றாகக் கழற்ற வேண்டும்; எதைக் கழற்றும்போது எண் சட்டென்று விழுகிறதோ அந்தச் சுற்றில்தான் கசிவு. மீட்டர் இணைந்திருக்கும்போது சாவியைத் திருப்பக் கூடாது; மீட்டர் எரிந்துவிடும். எந்த ஃபியூஸுக்கும் எண் அசையாவிட்டால் ஆல்டர்னேட்டரின் தடித்த கம்பியைக் கழற்றிப் பார்க்க வேண்டும்.

இதைச் செய்யாமல், இறக்கத்தில் நிறுத்தி உருட்டி ஸ்டார்ட் செய்து மாதக்கணக்கில் ஓட்டுவது மலைப்பாதை தரும் வசதிதான் என்றாலும், அதனால் பழுது மறைகிறதே தவிர நீங்குவதில்லை. அடிக்கடி வற்றும் பேட்டரியின் தகடுகளில் ஈய சல்பேட் கெட்டிப்பட்டு, நன்றாக இருந்ததும் உண்மையிலேயே கெட்டுப்போகிறது. கசிவைத் தீர்க்காமல் போட்ட புதுப் பேட்டரிக்கும் அதே கதிதான். ஆகவே வண்டிக்காரர்கள் பட்டறையில் முதலில் கேட்க வேண்டியது புதுப் பேட்டரியின் விலையை அன்று, சாவி எடுத்த வண்டியில் எத்தனை மில்லி ஆம்பியர் ஓடுகிறது என்பதையே. அந்த எண்ணைச் சொல்லாமல் பேட்டரியை மாற்றச் சொல்பவரிடம் பணம் கொடுக்க வேண்டாம்.