அக்காளைப் பார்க்க அத்தாட்சி எதற்கு?

நீலகிரியில் தேயிலைத் தோட்டமொன்றில் கொழுந்தெடுத்தே முதுமை கண்ட தாய் ஒருவர் நமது கட்சி ஆபீசின் படியேறி வந்தார். இலங்கையில், அட்டன் பக்கத்துத் தோட்டத்தில், அவருடைய அக்காள் படுத்த படுக்கையாகிவிட்டாள் என்று செய்தி வந்திருந்தது. போய்ப் பார்க்க வேண்டும். விஷயம் அவ்வளவுதான். "ஒரு வாரம் போதும் தம்பி, முகத்தைப் பார்த்துவிட்டு வந்துவிடுவேன்" என்றார்.

அந்தத் தாய் 1972-ல் தலைமன்னாரில் கப்பலேறி ராமேஸ்வரத்தில் இறங்கியவர். அப்போது சிறுமி. அப்பாவின் பாஸ்போர்ட்டில் ஒட்டிய குடும்பப் படத்தில் ஓரமாக நிற்கிறார். அக்காள் அந்தப் படத்தில் இல்லை. அவள் வாழ்க்கைப்பட்ட வீட்டார் இலங்கைப் பிரஜாவுரிமைக்கு மனுச் செய்திருந்தார்கள். அதனால் அவள் அந்தக் கரையிலேயே நின்றுவிட்டாள்.

பாஸ்போர்ட்டுக்கு மனுப் போட்டோம். குடும்ப அட்டையில் ஒரு பெயர், ஆதாரில் வேறு பெயர். பிறந்த இடம் என்ற கட்டத்தில் இலங்கைத் தோட்டத்தின் பெயரை எழுதியதும் விசாரணைக்கு வந்தவர் முகம் மாறிவிட்டது. "நீ இந்தியப் பிரஜை என்பதற்கு அத்தாட்சி எங்கே?" என்றார். அப்பாவின் பழைய பாஸ்போர்ட்டைக் காட்டினால், அது காலாவதியானது, அதுவும் உன் பெயரில் இல்லை என்றார். நாலு மாதம் நடையாய் நடந்தோம். ஐந்தாவது மாதம் அக்காள் செத்துப்போனாள். பாடை கட்டுவதையும் தூக்கிப் போவதையும் பேரனின் செல்போனில் பார்த்துவிட்டு, அந்தத் தாய் மறுநாள் வேலைக்குப் போனார். போகாவிட்டால் அன்றைக் கூலி இல்லை.

அரை நூற்றாண்டுக்கு முன்னால் இந்தக் குடும்பத்தை அங்கிருந்து அனுப்பும்போது ஒரே பாஸ்போர்ட்டில் ஐந்து பேரை ஏற்றி அனுப்பினார்கள். அன்று எழுத்துப் பிழையும் கிடையாது, பெயர் மாற்றமும் கிடையாது. துரத்துவதற்கு இருந்த சுறுசுறுப்பு, பார்த்து வரப் போகிறவர் விஷயத்தில் எங்கே போயிற்று?

இந்தக் கடலைத் தாண்டிப் போகும் ஏழையிடம் சீட்டுக் கேட்பது புதிய வழக்கமல்ல. வெள்ளைத் துரைமாரின் காப்பித் தோட்டத்துக்கும், பிறகு தேயிலைத் தோட்டத்துக்கும் கங்காணிகள் நம் ஜனங்களைக் கூட்டம் கூட்டமாக ஓட்டிச் சென்றார்கள். திருச்சி, சேலம், ராமநாதபுரம், புதுக்கோட்டை என்று பல சீமைகளிலிருந்தும் போனார்கள். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அவர்கள் கழுத்தில் தோட்டத்து எண் போட்ட தகரத் துண்டு தொங்கியது. மண்டபம் முகாமில் நிறுத்தி வைத்து, நோய் இல்லையென்று கண்டபின் கப்பலில் ஏற்றினார்கள். 1914-ல் பாம்பன் பாலம் திறந்த பிறகு தனுஷ்கோடி வரை ரயில், அங்கிருந்து தலைமன்னாருக்குக் கப்பல். கூலி வேண்டியிருந்த காலத்தில் கடல் ஒரு தடையே இல்லை.

தடை 1948-ல் வந்தது. அந்த ஆண்டு இலங்கைப் பிரஜாவுரிமைச் சட்டம் சுமார் 7 லட்சம் தோட்டத் தொழிலாளரையும் குடும்பத்தாரையும் நாடற்றவர்களாக்கியது. காரணம் ஒன்றும் ரகசியமல்ல. 1947 தேர்தலில் தோட்டத் தொழிலாளர்கள் தங்கள் பிரதிநிதிகளில் ஏழு பேரைப் பார்லிமெண்டுக்கு அனுப்பினார்கள். வேறு பல தொகுதிகளில் இடதுசாரிகளுக்கு வோட்டளித்தார்கள். தொழிலாளியின் வோட்டைக் கண்டு பயந்தவர்கள் வோட்டையே பறித்தார்கள். அதே 1948-ல் நிறைவேறிய குடிவரவு–குடியகல்வுச் சட்டம், அதுவரை ஊருக்குப் போய் வந்துகொண்டிருந்தவனை விசாவுக்குக் கைகட்டி நிற்க வைத்தது.

பிறகு 1964 அக்டோபர் 30-ல் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம். மொத்தம் 9,75,000 பேர். இந்தியாவுக்கு 5,25,000, இலங்கைக்கு 3,00,000, மீதி 1,50,000 பேரைப் பின்னால் பார்த்துக்கொள்ளலாம் என்று ஒதுக்கி, 1974-ல் ஆளுக்குப் பாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். சந்தையில் மாடு பிரிப்பவன்கூடப் பசுவையும் கன்றையும் ஒரு பக்கமாக ஓட்டுவான்! பிரஜாவுரிமைச் சட்டத்தை 1948-ல் எதிர்த்து வோட்டளித்த இலங்கை இடதுசாரிகளில் ஒரு பகுதியினர், 1964-ல் ஒப்பந்தம் செய்த அந்த மந்திரிசபையிலேயே அமர்ந்திருந்தார்கள். இதை நாம் மறைக்க விரும்பவில்லை. தொழிலாளியிடம் உண்மையைச் சொல்வதுதான் மரியாதை.

அப்படி வந்து சேர்ந்தவர்கள் நான்கு லட்சத்துக்கும் மேல். நீலகிரியில் டான்டீ தோட்டங்களிலும், கன்யாகுமரியிலும் புனலூரிலும் ரப்பர்க் காட்டிலும், சிலர் நூற்பு மில்களிலும் வேலைக்கு அமர்ந்தார்கள். உங்கள் மில்லில், உங்கள் ஷிப்டில், பக்கத்து மெஷினில் நிற்கிற தோழரைக் கேட்டுப் பாருங்கள்; அவருக்கு ஒரு சித்தியோ மாமனோ பதுளையிலோ நுவரெலியாவிலோ இருக்கக்கூடும்.

"இப்போதெல்லாம் விசா சுலபம், வீட்டிலிருந்தே கம்ப்யூட்டரில் வாங்கிவிடலாம்" என்று சிலர் சொல்கிறார்கள். யாருக்குச் சுலபம்? பாஸ்போர்ட் உள்ளவனுக்கு, இங்கிலீஷ் படிவத்தை நிரப்பத் தெரிந்தவனுக்கு, பாங்கிக் கார்டால் பணம் கட்டக் கூடியவனுக்கு. இலங்கை அனுமதியின் நிபந்தனைகளைப் பாருங்கள்: ஆறு மாதம் செல்லும் பாஸ்போர்ட், திரும்பி வரும் டிக்கெட், தங்கியிருக்கும் நாட்களுக்குப் போதிய பணம். பணம் இருந்தால் நீ யோக்கியன். இல்லாவிட்டால் திரும்பி வருவாய் என்று நம்ப மாட்டார்கள். வங்கியை ஏமாற்றி வெளிநாட்டுக்கு ஓடியவர்கள் எல்லோரும் கையில் விசாவும் பையில் பணமும் வைத்திருந்தவர்கள்தான்!

விசா வழங்குவதையே லாபத் தொழிலாக்கும் கூத்தும் நடந்தது. 2024 ஏப்ரலில் இலங்கைச் சர்க்கார் விசா வேலையை வெளிநாட்டுக் கம்பெனிகளின் கூட்டு ஒன்றிடம் ஒப்படைத்தது. கட்டணம் ஏறியது, ஜனங்கள் கொதித்தார்கள், 2024 ஆகஸ்டில் அந்நாட்டு சுப்ரீம் கோர்ட் தடை போட்டது.

கப்பல் கதையும் அதுதான். 2023 அக்டோபர் 14-ல் நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்குக் கப்பலைக் கொடியசைத்து விட்டார்கள். ஒரு வழிக்கு வரியோடு 7,670 ரூபாய் என்று கட்டணம் வைத்தார்கள். தோட்டத் தொழிலாளிக்கு அது இரண்டு வாரக் கூலிக்கும் மேல். சில நாளில் கப்பல் நின்றது, 2024 ஆகஸ்டில் மறுபடி ஓடியது. அதில் ஏறினாலும் இறங்குவது யாழ்ப்பாணக் கரையில். மலைநாடு போய்ச் சேர இன்னொரு நெடும் பயணம் உண்டு.

முகாம்களில் இருப்பவர்கள் நிலை இதைவிட மோசம். யுத்தத்துக்குத் தப்பி வந்தவர்களில் மலைநாட்டு வம்சத்தவர் பல்லாயிரம் பேர். 2019 குடியுரிமைத் திருத்தச் சட்டம் இலங்கையை விட்டுவிட்டது. 1987 ஜூலை முதல் தேதிக்கு முன் இந்த மண்ணில் பிறந்தவர் சட்டப்படி இந்தியப் பிரஜை. அதற்கும் கோர்ட் வாசல் ஏற வேண்டியிருக்கிறது. தாயின் சாவுக்குப் போக வேண்டுமென்றால் வெளியேறும் அனுமதி வேண்டும். போனவர் முகாமுக்குத் திரும்பலாம் என்ற உத்தரவாதம் கிடையாது.

பாதுகாப்பு என்று சொல்வார்கள். எந்த நாடும் எல்லையைக் கவனிக்கத்தான் செய்யும். நாம் அதை ஆட்சேபிக்கவில்லை. ஆனால் மூன்று யுத்தம் நடத்திய இந்தியாவும் பாகிஸ்தானும் 2005 ஏப்ரலில் ஸ்ரீநகர்–முசாபராபாத் பஸ்ஸை விட்டபோது என்ன செய்தன? பிரிந்த குடும்பத்தார் பாஸ்போர்ட் இல்லாமல், அனுமதிச் சீட்டு ஒன்றைக் கொண்டே போய்வர ஏற்பாடு செய்தன. 2019-ல் அது நின்றுபோனாலும் பதினான்கு ஆண்டு நடந்தது. அவ்வளவு தூரம் போவானேன்? 1974 கச்சத்தீவு ஒப்பந்தத்தின் ஐந்தாவது ஷரத்து, நமது மீனவரும் யாத்திரிகரும் பயணப் பத்திரமோ விசாவோ இல்லாமல் அங்கு போகலாம் என்கிறது. அந்தோணியார் திருவிழாவுக்கு அப்படித்தான் போய் வருகிறார்கள். சாமியைப் பார்க்க விசா வேண்டாம் என்று கையெழுத்திட்ட இரண்டு சர்க்கார்களும், கூடப் பிறந்தவளைப் பார்க்க அதே ஏற்பாட்டைச் செய்யக்கூடாதா?

இதையே கோருகிறோம். 1964, 1974 ஒப்பந்தங்களால் பிரிந்த குடும்பங்களுக்கும் அவர்கள் வாரிசுகளுக்கும் கட்டணமில்லாத அனுமதிச் சீட்டு வேண்டும். மனு தமிழில் இருக்க வேண்டும். கலெக்டர் ஆபீசிலேயே வாங்க வேண்டும். பாங்கிக் கணக்கு கேட்கக்கூடாது. பழைய குடும்ப அட்டையும் ஒப்பந்தக் காலப் பாஸ்போர்ட்டும் பிரஜாவுரிமைக்குப் போதிய சாட்சியாக வேண்டும். சாவு, நோய் என்றால் மூன்று நாளில் சீட்டு கைக்கு வர வேண்டும். முகாமில் இருப்பவர் போய்த் திரும்ப உரிமை வேண்டும். கப்பலில் ஏழைக்கேற்ற கட்டணம் வேண்டும். ராமேஸ்வரம்–தலைமன்னார் பாதை திறக்க வேண்டும்.

தோட்டங்களிலும் மில்களிலும் உள்ள நமது கிளைகள் வருகிற மாதத்திற்குள் வீடு வீடாகச் சென்று கணக்கெடுக்க வேண்டும்: யார், எந்தத் தோட்டத்திலிருந்து, எந்த ஆண்டில் வந்தார், அக்கரையில் யார் இருக்கிறார்கள். பரணில் கிடக்கும் பழைய பாஸ்போர்ட்டைச் செல்லரித்தது என்று யாரும் தூக்கி எறிய வேண்டாம். அதன் நகலோடு பட்டியலை மாவட்டக் கமிட்டி ஆபீசில் சேர்ப்பியுங்கள். கலெக்டரைச் சந்திக்கும்போது அந்தக் கட்டு நம் கையில் இருக்க வேண்டும்.